வாய்க்கு வராத ஆங்கிலம்

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் வீரபாண்டிப் பிரிவில் இறங்கி உள்ளே நடந்தால் பின்னலாடைக் கூடங்களின் இரைச்சல் கூடவே வரும். அரசுக் கல்லூரிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்ற நான் இங்கேதான் குடியிருக்கிறேன். கடந்த ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் எங்கள் தெருவைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் என்னைத் தேடி வந்தார். வணிகவியல் பட்டதாரி. ஆங்கிலத் தாள்களில் எல்லாப் பருவங்களிலும் நல்ல மதிப்பெண் பெற்றவர். தந்தை பனியன் கம்பெனியொன்றில் பவர்டேபிள் டெய்லர். அன்று காலை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் உதவி மெர்ச்சண்டைசர் வேலைக்கான நேர்காணலுக்குச் சென்று திரும்பியிருந்தார். தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசச் சொன்னார்களாம். பெயரையும் ஊரையும் சொன்னார். அதற்கு மேல் வரவில்லை.

"அவங்க கேட்டது அத்தனையும் புரிஞ்சுதுங்க சார். வாயில மட்டும் வர மாட்டேங்குது" என்றார்.

இந்த ஒரு வரியை என் பணிக்காலம் முழுவதும் வெவ்வேறு குரல்களில் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு, "நிறையப் படியுங்கள், ஆங்கில நாளிதழ் வாசியுங்கள்" என்று ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் அறிவுரையைச் சொல்லி அனுப்பியும் இருக்கிறேன். நோய் ஒன்றாக இருக்க, மருந்து வேறொன்றாக இருந்தது என்பதை ஓய்வு பெற்ற பிறகே உணர்ந்தேன்.

கனடாவில் 1965ஆம் ஆண்டு முதல், ஆங்கிலம் பேசும் குடும்பத்துக் குழந்தைகளுக்குப் பாடங்களையே பிரெஞ்சு மொழியில் நடத்தும் பள்ளிகள் தோன்றின. பல ஆண்டுகள் பிரெஞ்சிலேயே கணக்கும் அறிவியலும் கேட்ட அந்தப் பிள்ளைகள் கேட்டதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பேசும்போதும் எழுதும்போதும் மட்டும், பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளைவிடப் பின்தங்கினார்கள். இதை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின் என்னும் மொழியியலாளர் 1985இல் ஒரு விளக்கம் தந்தார். கேட்பதால் மட்டும் பேச்சு வந்துவிடாது. பேச முயன்று, தடுமாறி, தனக்கு எந்தச் சொல் இல்லை என்று கண்டுகொள்ளும்போதுதான் மொழி உள்ளே இறங்குகிறது என்றார். முழு நாளும் பிரெஞ்சு கேட்ட பிள்ளைகளுக்கே அந்த நிலை என்றால், நாள்தோறும் ஒரு வகுப்பு மட்டும் ஆங்கிலம் கேட்டு, அதையும் தமிழ் விளக்கத்தோடு கேட்ட நம் பிள்ளைகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

என் வகுப்பறையையே கணக்கெடுத்துப் பார்க்கிறேன். அறுபது மாணவர்கள், ஐம்பது நிமிட வகுப்பு. ஆசிரியர் வாயே திறக்காமல் முழு நேரத்தையும் மாணவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தாலும் தலைக்கு ஐம்பது நொடி. நானோ வாய் திறக்காமல் இருந்தவன் அல்லன். தமிழில் விளக்கி, ஆங்கிலத்தில் குறிப்பு எழுதவைத்து, ஆங்கிலத்தில் தேர்வு எழுதச் சொன்னேன். மூன்றாண்டுகளில் ஒரு முறையேனும் ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் தொடர்ந்து பேசாமலேயே என் மாணவர்கள் பட்டம் பெற்றுச் சென்றார்கள். அதில் என் பங்கை மறைப்பதற்கில்லை.

இதனால் ஏற்படும் இழப்பை ரூபாயில் கணக்கிட்டும் பார்த்திருக்கிறார்கள். மெஹ்தபுல் ஆசம், எய்மி சின், நிஷித் பிரகாஷ் ஆகிய மூவர், 2005ஆம் ஆண்டின் இந்திய மனிதவள மேம்பாட்டுக் கணக்கெடுப்பைக் கொண்டு செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. சரளமாக ஆங்கிலம் பேசும் ஆண்களின் ஒரு மணி நேர ஊதியம், ஆங்கிலமே பேசாதவர்களைவிடச் சராசரியாக 34 விழுக்காடு அதிகம். ஓரளவு பேசுவோருக்கு 13 விழுக்காடு அதிகம். கல்வி, வயது, சமூகப் பிரிவு முதலியவற்றின் பாதிப்பைக் கழித்த பிறகு கிடைத்த எண்கள் இவை. பழைய தரவுதான், ஊதிய வேறுபாடு முழுவதற்கும் ஆங்கிலமே காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனாலும் 13க்கும் 34க்கும் இடையிலுள்ள தொலைவைக் கவனிக்க வேண்டும். நம் கல்லூரிகள் தம் மாணவர்களைக் கொண்டுபோய் விடும் இடம் அந்த 'ஓரளவு'தான். அங்கிருந்து சரளத்துக்குச் செல்லும் வழியைப் பணம் கொடுத்துத் தனிப்பயிற்சியில் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: படிப்பு கூடக்கூட ஆங்கிலத்தின் பயனும் கூடுகிறது. பட்டம் பெற்றும் பேச வராதவர் இழப்பதே அதிகம்.

திருப்பூரில் இது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். இந்நகரின் பழைய ஏணி ஆங்கிலம் கேட்டதில்லை. சிறு விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள், தொழிலைக் கையில் கற்று, உறவினரோடு பங்கு சேர்ந்து, தாமே முதலாளிகளான கதையை ஷரத் சாரி என்னும் புவியியலாளர் 2004இல் ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். உழைப்பே அவர்களுடைய முதலீடாக இருந்தது. உள்நாட்டுச் சந்தைக்குத் தைத்த காலம் அது. 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர்கள் வந்து ஏற்றுமதிக்கு வழி திறந்தபோதும், இடைத்தரகர்கள் பேச்சைப் பார்த்துக்கொண்டார்கள். இன்று ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய் அளவுக்கு ஏற்றுமதி நடக்கும் நகரில், 'பையர்' என இங்கே வழங்கப்படும் அயல்நாட்டுக் கொள்முதலாளருக்கும் தையற்கூடத்துக்கும் நடுவே நிற்பவர் மெர்ச்சண்டைசர். துணியின் எடை, சாயத்தின் அளவு, மாதிரி ஆடையில் வந்த குறை, கப்பல் ஏறும் நாள் ஆகிய அனைத்தையும் பேசி முடிப்பது அவர் பொறுப்பு. 2025 ஆகஸ்ட் இறுதியில் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 விழுக்காட்டை எட்டியபோது, புதிய நாடுகளில் புதிய பையர்களைத் தேட வேண்டிய கட்டாயம் இந்நகருக்கு ஏற்பட்டது. அறிமுகமில்லாதவரிடம் பேசுவதற்குப் பழைய மின்னஞ்சல் வாசகங்கள் போதாது.

அந்த நாற்காலிகளில் பெரும்பாலும் வெளியூரிலிருந்து, ஆங்கிலவழித் தனியார் பள்ளிகளில் படித்தவர்கள் அமர்கிறார்கள். ஓவர்லாக், ஃபிளாட்லாக் இயந்திரங்களின் ஓசையிலேயே வளர்ந்த வீரபாண்டிப் பிள்ளைகள், அதே நிறுவனங்களின் செக்கிங், பேக்கிங் பகுதிகளில் நின்றுவிடுகிறார்கள். துணியைத் தொட்டுப் பார்த்தே அதன் ஜி.எஸ்.எம். சொல்லத் தெரிந்தவர் கீழ்த்தளத்தில். தொடாமலே அதைப் பற்றி ஆங்கிலத்தில் பேசத் தெரிந்தவர் மேல்தளத்தில்.

அந்தப் பெண்ணுக்கு நான் என்ன செய்துவிட முடியும்? நான் ஆங்கில ஆசிரியன் அல்லன். என் உச்சரிப்பும் கொங்கு நாட்டு உச்சரிப்புதான். ஆனால் அன்று அவர் கையில் கைப்பேசி இருந்தது. அதில் யாரோ ஓர் இளைஞர் சந்தைக்குப் போவதையும் சாப்பிடுவதையும் பேசிக்கொண்டே காட்டும் காணொலி ஓடிக்கொண்டிருந்தது. இளைஞர்கள் இதை 'விலாக்' என்கிறார்கள். ஒரு நாட்குறிப்பை எழுதாமல் பேசிப் பதிவுசெய்வது என்று புரிந்துகொண்டேன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் சரிந்த பிறகு, புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வயல்வெளியில் சமைத்துக் காட்டிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' குடும்பம் ஒரு கோடிக்கு மேற்பட்ட பார்வையாளர்களைச் சேர்த்ததை நாடே பார்த்தது. தமக்குத் தெரிந்த தொழிலைத் தம் இடத்தில் நின்று காட்டுகிறவர்களுக்குப் பேச்சு தானாக வருகிறது. "நீயும் தினம் இரண்டு நிமிடம் இப்படி ஆங்கிலத்தில் பேசிப் பதிவுசெய், அம்மிணி. யாருக்கும் அனுப்ப வேண்டாம். சனிக்கிழமை எனக்கு மட்டும் காட்டு" என்றேன். அவ்வளவுதான் என் திட்டம். பிறகு அவருடைய தோழியர், தெருப் பையன்கள் என எட்டுப் பேர் சேர்ந்துகொண்டார்கள்.

முதல் சனிக்கிழமை அவர் கொண்டுவந்த காணொலி ஒரு நிமிடம் நாற்பது நொடி ஓடியது. பரவாயில்லை என்று சொல்லத்தக்க பேச்சு. எத்தனை முறை எடுத்தீர்கள் என்று கேட்டேன். தயங்கியபடியே, பதினொன்றை அழித்துவிட்டதாகச் சொன்னார். நேரத்தை வீணாக்கியதற்காக நான் கடிந்துகொள்வேன் என்று நினைத்திருப்பார் போலும். எனக்கோ அப்போதுதான் இந்த முறையின் உட்பொருள் விளங்கியது. கல்லூரியில் மூன்று ஆண்டுகளில் பேசாத அளவுக்கு ஆங்கிலத்தை அவர் அந்த ஒரு வாரத்தில் பேசியிருந்தார். நான் பார்த்த பன்னிரண்டாவது காணொலியைவிட, நான் பார்க்காத பதினொன்றில்தான் பாடம் நடந்திருந்தது.

இதற்குச் சான்றும் உண்டு. நியூசிலாந்தில் மொழி கற்பித்தலை ஆராய்ந்த பால் நேஷன் 1989இல் ஓர் எளிய பயிற்சியைச் சோதித்து எழுதினார். ஒருவர் ஒரு பொருளைப் பற்றி நான்கு நிமிடம் ஒருவரிடம் பேசுகிறார். அதையே மூன்று நிமிடத்தில் இன்னொருவரிடம், பிறகு இரண்டு நிமிடத்தில் மற்றொருவரிடம் சொல்கிறார். மூன்றாம் முறை வேகம் கூடுகிறது, தயக்கம் குறைகிறது. திரும்பத் திரும்பச் சொன்ன பகுதிகளில் இலக்கணப் பிழைகளும் குறைகின்றன. என்ன சொல்வது என்ற கவலை முதல் முறையே தீர்ந்துவிடுவதால், எப்படிச் சொல்வது என்பதற்கு மனத்தில் இடம் கிடைக்கிறது. வகுப்பறையில் இதை நடத்த ஆள் சேர்க்க வேண்டும், மணி பார்க்க வேண்டும். கைப்பேசியின் முன்னால் மாணவர் தாமாகவே செய்துவிடுகிறார். அதுவும் வெட்கத்தின் தூண்டுதலால்.

வெட்கம் என்றேன். தம் குரலைப் பதிவில் கேட்கும் எவருக்கும் முதலில் அருவருப்பே தோன்றும். பேசும்போது நம் குரலைக் காற்றின் வழியாக மட்டுமன்றி மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் கேட்கிறோம்; பதிவில் எலும்பின் பங்கு இல்லாததால் குரல் மெலிந்து அயலாருடையதாக ஒலிக்கிறது. இதை விளக்கிச் சொல்லாவிட்டால் பலர் முதல் நாளோடு நிறுத்திவிடுவார்கள். சொன்ன பிறகும் இருவர் நின்றுவிட்டார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

எதைப் பற்றிப் பேசுவது என்பதில்தான் தொடக்கத்தில் தவறினேன். "எனது குறிக்கோள்", "இயற்கையைக் காப்போம்" என்று கட்டுரைத் தலைப்புகளைக் கொடுத்தேன். இரண்டாம் வாரம் எல்லாருடைய பேச்சும் ஒன்றுபோலவே, குறையே இல்லாமல் இருந்தது. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதி வாங்கி, கைப்பேசியின் பின்னால் ஒட்டிவைத்துப் படித்திருக்கிறார்கள். கண்கள் இடமிருந்து வலமாக ஓடுவதைக் காணொலி காட்டிக்கொடுத்தது. அவர்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. குறிப்பு எழுதவைத்தே வளர்த்தவன்தானே நானும்.

இந்த இடத்தில் என்.எஸ். பிரபுவை நினைத்துக்கொண்டேன். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய அவர், 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னைப் பகுதிகளில் சாதாரணப் பள்ளிகளின் பிள்ளைகளைக் கொண்டு நடத்திய பரிசோதனை உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்கள் அறிந்தது. நம் ஊரில்தான் அதிகம் பேசப்படவில்லை. இலக்கண விதியைச் சொல்லித் தொடங்காமல், ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியில் ஏறினால் முதலில் போய்ச் சேரலாம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்டார். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது மொழியின் வடிவம் பின்னாலேயே வந்து சேரும் என்பது அவர் கருத்து. 1987இல் அதை நூலாகவும் எழுதினார்.

நானும் தலைப்புகளைத் தூக்கிப் போட்டேன். "உங்கள் வீட்டில் யாருக்காவது தெரிந்த வேலை ஒன்றை, அதைப் பார்த்தே இராத ஒருவருக்குச் சொல்லுங்கள்" என்றேன். மூன்றாம் வாரம் வந்த காணொலிகளை இன்றும் வைத்திருக்கிறேன். ஒரு பையன் வீரபாண்டியிலுள்ள சாயக்கழிவு நீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றிப் பேசினான். நொய்யல் வழக்கில் 2011 தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னதும், வேலையில்லாமல் அவன் தந்தை சொந்த ஊருக்குத் திரும்பியதும் அதில் வந்தன. அவன் அப்போது கைக்குழந்தை; வீட்டில் கேட்டுக் கேட்டு வந்த கதை. இறந்தகால வினைகள் பாதிக்கு மேல் பிழை. ஆனால் நான்கு நிமிடம் நிற்காமல் பேசினான். ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளியின் மகன் ஒருவன் எங்கள் குழுவில் இருக்கிறான். வீட்டில் ஒடியா, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். பேசுவதில் அவனுக்கே கூச்சம் குறைவு. தமிழைத் தப்பும் தவறுமாகப் பேசிக் கேலிக்கு ஆளாகி அதைக் கடந்து வந்தவனுக்கு ஆங்கிலத்தில் தப்பு செய்ய என்ன அச்சம்?

நேர்காணலில் நின்றுபோன அந்தப் பெண் ஒரு டி-சட்டையை விரித்துவைத்து, செக்கிங் மேசையில் பார்க்கும் குறைகளைக் காட்டினார். 'நீடில் லைன்', 'ஆயில் ஸ்டெயின்', 'ஹோல்', 'ஷேட் வேரியேஷன்', 'மெஷர்மென்ட் அவுட்'. அடுக்கடுக்காகச் சொற்கள் வந்தன. அத்தனையும் ஆங்கிலம். அவர் தாய் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியாதவர். அவருக்கும் இச்சொற்கள் தெரியும். ஆங்கிலமே தெரியாது என்று கூசும் வீடுகளில் நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் அன்றாடம் புழங்குகின்றன. அவற்றைக் கோக்கும் வாக்கியங்கள் மட்டும் இல்லை. பாடநூலிலுள்ள புதுச் சொற்களைத் தேடி அலைந்த நாங்கள் இந்தக் கையிருப்பைப் பார்க்கத் தவறினோம்.

எழுதிப் படிப்பதைத் தடுக்க ஒரு விதி வைத்தோம். துண்டுச் சீட்டில் ஐந்து சொற்களுக்கு மேல் எழுதக் கூடாது. மேலும், சனிக்கிழமை காணொலி முடிந்ததும் பார்த்தவர்களில் ஒருவர் மூன்று கேள்விகளாவது கேட்க வேண்டும். பேசியவர் அங்கேயே பதில் சொல்ல வேண்டும். இந்தக் கேள்விகள் இல்லையென்றால் காணொலிப் பயிற்சிக்குப் பெரிய குறையுண்டு. கேமரா குறுக்கே பேசாது, முகம் சுளிக்காது, "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்காது. பையர் இவை எல்லாவற்றையும் செய்வார். தனியாகப் பேசப் பழகுவது உரையாடலின் முதற்படி மட்டுமே. இதைச் சொல்லாமல் காணொலியைச் சர்வரோக நிவாரணியாக விற்கும் பயிற்சி நிறுவனங்களின் விளம்பரங்களை நான் நம்புவதில்லை.

இனி, எனக்கு மிகவும் கவலையளிக்கும் செய்திக்கு வருகிறேன். குழுவில் சேர விரும்பிய மற்றொரு பெண்ணின் தந்தை என்னிடமே வந்து பேசினார். "பொண்ணு மொகம் போன்ல போறது வேண்டாமுங்க சார். நாளைக்கு நாலு பேரு கைக்குப் போச்சுன்னா நாங்க என்ன பண்றது?" என்றார். அவர் அச்சத்தைப் பழைமைவாதம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. 2020 ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்படும் வரை அதில் பேசிய, ஆடிய சாதாரணப் பெண்கள் எதிர்கொண்ட வசவுகளை நாம் மறந்துவிடலாம். பெற்றோர் மறக்க மாட்டார்கள். பிள்ளைகளின் காணொலிகளைக் கல்லூரியின் பக்கத்தில் பொதுவெளியில் ஏற்றி, விருப்பக்குறிகளை எண்ணி மதிப்பெண் தருவதை எங்கேனும் யாரேனும் யோசித்தால், அருள்கூர்ந்து கைவிட வேண்டும். கற்றல் நடப்பது அழிக்கும் உரிமையில். பொதுவெளியில் ஏறியது மாணவரின் கையை விட்டுப் போய்விட்டது. பிழை செய்யும் துணிவும் அதனுடன் போய்விடும்.

அந்தத் தந்தைக்கு நான் பதில் சொல்லும் முன்பே அவர் மகள் வழி கண்டுபிடித்துவிட்டார். முகத்தைக் காட்டாமல் கைகளையும் துணியையும் மட்டும் காட்டிப் பேசினார். அதுவே மேலான முறை என்பது பிறகு தெரிந்தது. முகம் திரையில் இல்லாதபோது தலைமுடியைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் கவலை இல்லை; கவனமெல்லாம் துணியில் இருக்கிறது. இப்போது எங்கள் குழுவில் பையன்களும் பெரும்பாலும் அப்படித்தான் எடுக்கிறார்கள்.

முகத்தை மறைக்கலாம், கைப்பேசிக்கு என்ன செய்வது? 'அசர்' அமைப்பு 2023இல் 14 முதல் 18 வயது வரையிலான ஊரகப் பிள்ளைகளைப் பற்றி நடத்திய கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் இடம்பெற்றது. நாடு தழுவிய முடிவுகளின்படி, ஏறத்தாழ 90 விழுக்காட்டினரின் வீடுகளில் திறன்பேசி உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாக வைத்திருக்கும் ஆண் பிள்ளைகள் 43.7 விழுக்காடு, பெண் பிள்ளைகள் 19.8 விழுக்காடு. எங்கள் குழுவிலும் இதே கணக்குதான். பையன்கள் நினைத்தபோது பதிவுசெய்கிறார்கள். பெண்களோ ஒன்றரை ஷிப்ட் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்து, சமையல் முடிந்து, தம்பி விளையாடி முடித்த பிறகு மிஞ்சும் கைப்பேசிக்காகக் காத்திருக்கிறார்கள். நிட்டிங் இரைச்சல் கேட்காத மூலையைத் தேடி மொட்டை மாடியில், இரவு பத்து மணிக்குப் பேசுகிறார்கள்.

பொருளாதார மாணவனாக இதை நான் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை. கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் மும்பையின் தாதர் பகுதியில் இருபதாண்டுப் பள்ளித் தரவுகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரை நினைவுக்கு வருகிறது. பிற்பட்ட சாதிகளின் ஆண் பிள்ளைகளைத் தந்தையரின் தொழில் வலைப்பின்னல் மராத்திவழிப் பள்ளிகளிலேயே இருத்திவைத்தது. அந்த வலைப்பின்னலில் இடமே இல்லாத பெண் பிள்ளைகள் ஆங்கிலவழிக் கல்விக்கு வேகமாக நகர்ந்தார்கள். வீரபாண்டியிலும் பையனுக்கு மாமன் கம்பெனியில் கட்டிங் மேசை காத்திருக்கிறது. ஜாப் ஒர்க் எடுத்துத் தர அப்பாவின் கூட்டாளிகள் இருக்கிறார்கள். பெண்ணுக்கு அத்தகைய கைதூக்கல் இல்லை. ஆங்கிலப் பேச்சால் அதிகம் பெறக்கூடியவரின் கையில்தான் கைப்பேசி இல்லை.

ஆகவே கல்லூரிகளில் இதைத் தொடங்குவோர், மாணவரின் சொந்தக் கைப்பேசியை நம்பித் தொடங்க வேண்டாம். துறைக்கு நான்கு கைப்பேசிகளை வாங்கிவைத்து, நூலகப் புத்தகம் போல ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்கலாம். பூட்டிக் கிடக்கும் மொழி ஆய்வகத்தின் ஒரு மூலையை அதற்கு ஒதுக்கினால், இரைச்சலும் இராது, வீட்டில் யார் கேட்கிறார்களோ என்ற கூச்சமும் இராது. 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலத் திறன் பயிற்சியும் சேர்க்கப்பட்டது நல்ல செய்தி. அத்தகைய பயிற்சிகளில் வாரம் ஒரு பேச்சுப் பதிவைக் கட்டாயமாக்குவதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

ஆசிரியருக்கு வேலைப்பளு கூடும் என்பார்கள். உண்மைதான். அறுபது பேரின் இரண்டு நிமிடக் காணொலிகளைப் பார்க்க இரண்டு மணி நேரம் ஆகும். வாரந்தோறும் எந்த ஆசிரியராலும் அது இயலாது, தேவையுமில்லை. வாரம் பத்துப் பேருடையதை ஆசிரியர் பார்க்கட்டும். மற்றவற்றை மாணவர்களே ஐவர் ஐவராகப் பார்த்துக் கேள்வி கேட்கட்டும். திருத்தும்போது ஒரு காணொலிக்கு ஒரு பிழையை மட்டும் சொல்ல வேண்டும் என்பது நான் அடிபட்டுக் கற்றது. முதல் மாதம் ஒரு பையனிடம் ஏழு பிழைகளைச் சுட்டினேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய் அழைத்துவர வேண்டியதாயிற்று. அகமதிப்பீட்டில் சில மதிப்பெண் கொடுப்பதானாலும், உச்சரிப்புக்கோ அழகுக்கோ கொடுக்காமல், பதிவுசெய்த வாரங்களின் எண்ணிக்கைக்குக் கொடுக்கலாம்.

தாய்மொழிப் பற்றாளர்கள் சிலர் என்னைக் கேட்கிறார்கள், தமிழ்ப் பிள்ளைகளை ஆங்கிலம் பேசவைக்க ஓய்வு பெற்ற காலத்தில் இவ்வளவு பாடா என்று. அவர்களுக்குச் சொல்ல ஒன்றுண்டு. எங்கள் குழுவில் எந்தப் பொருளையும் முதலில் தமிழில் ஒரு முறை பேசிய பிறகே ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். சாயம் ஏறும் முறையைத் தமிழில் கோவையாகச் சொல்ல இயலாதவர்கள் ஆங்கிலத்திலும் தடுமாறினார்கள். தமிழ்ப் பேச்சிலும் பயிற்சி தராமல்தான் நாம் அவர்களை அனுப்பியிருக்கிறோம்.

அந்தப் பெண்ணுக்கு இவ்வாண்டு வேறொரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. மெர்ச்சண்டைசர் வேலை அன்று. சாம்பிள் பிரிவில் உதவியாளர். நேர்காணலில் ஒரு போலோ சட்டையைக் கையில் கொடுத்து, இதில் என்ன குறை என்று கேட்டார்களாம். காலர் ரிப்பில் ஷேட் மாறியிருப்பதில் தொடங்கி மூன்று நிமிடம் பேசியிருக்கிறார். நடுவில் இரண்டு முறை நிறுத்திக் கேள்வி கேட்டார்கள் என்றும், நம் சனிக்கிழமைக் கேள்விகளைவிட எளிதாகவே இருந்தன என்றும் சொன்னார். மாதச் சம்பளம், செக்கிங்கில் ஓவர்டைம் பார்த்தால் கிடைப்பதைவிடக் குறைவு. அதில் அவர் தாய்க்கு வருத்தம். இரண்டு ஆண்டுகள் பொறுத்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பொறுப்பார்களா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், வீட்டுக் கடன் தவணை அவர்களுக்குத்தான் தெரியும். பையரோடு நேரில் பேசும் வாய்ப்பு அவருக்கு இன்னும் வரவில்லை. மின்னஞ்சல் எழுதுகிறார், காணொலிக் கூட்டங்களில் ஓரமாக அமர்ந்து குறிப்பெடுக்கிறார். முதல் மாதச் சம்பளத்தில் தனக்கென்று ஒரு பழைய கைப்பேசி வாங்கியிருக்கிறார். அம்மாவின் கைப்பேசியில் அழிக்காமல் விட்டிருந்த காணொலிகளை அதற்கு மாற்றித் தரச் சொல்லிப் போன வாரம் கொண்டுவந்தார். எனக்கு அது தெரியாது. ஒடிசாப் பையன்தான் மாற்றிக் கொடுத்தான்.